ஆடு தொடாத இலையில் மருந்து எது, விஷம் எது?

ஐப்பசி மழை ஓய்ந்ததும் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் வரப்போரம் குனிந்து பாருங்கள். மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் இடையில் தரையோடு தரையாக ஒரு கொடி படர்ந்திருக்கும். சாம்பல் பூத்த பச்சை நிறம். இலை அகலமாக, காம்புப் பக்கம் உள்வாங்கி, சிறுநீரக வடிவில் இருக்கும். கசக்கினால் குமட்டும். நுனிநாக்கில் வைத்தால் அரை நாளுக்குக் கசக்கும். பூ கருஞ்சிவப்பில் சிறு குழல் போல இருக்கும். ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதனால் அதற்கு ஆடுதின்னாப்பாளை என்று பெயர். ஆடுதீண்டாப்பாளை என்றும் சொல்வார்கள்.

உங்களில் பலர் இந்த இலையைக் கையில் எடுத்திருப்பீர்கள். மாட்டின் புண்ணில் புழு வைத்தால் அரைத்து வைப்பது உண்டு. குடல் புழுவுக்குச் சாறு கொடுக்கும் பழக்கமும் உண்டு. இயற்கை விவசாயத்துக்கு மாறியவர்கள் மூலிகைப் பூச்சிவிரட்டிக் கரைசலில் வேம்பு, நொச்சி, எருக்கோடு இதையும் இடித்துப் போடுகிறார்கள். 'ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை' என்று பயிற்சி முகாம்களில் சொல்லித் தரும் கணக்குக்கு இது அச்சாகப் பொருந்துவதுதான் காரணம்.

பூச்சிக்கும் கிருமிக்கும் அந்தக் கணக்கு சரி. கரைசலைக் கலக்கும் உங்களுக்கும், அந்தக் காய்கறியைத் தின்னும் உங்கள் பிள்ளைக்கும் அது சரியா என்பது தனிக் கேள்வி.

தட்டில் விழும் வட்டம்

மூலிகை இலைகள் கிருமியைக் கொல்லும் என்பது கட்டுக்கதை இல்லை. நம் மாவட்டக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகள்கூட இதைச் செய்து பார்த்திருப்பார்கள். அகர் என்ற கூழை ஊற்றிய கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைத் தடவுவார்கள். இலைச்சாற்றில் நனைத்த சிறு காகித வட்டை அதன் மேல் வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருப்பார்கள். சாறு வேலை செய்தால் வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவான வளையம் தெரியும். வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். துளசி, நொச்சி, வேம்பு, குப்பைமேனி, ஆடாதொடை என நம் வேலியில் இருக்கும் பல இலைகள் இந்தச் சோதனையில் வளையம் காட்டியிருக்கின்றன.

'இலைச்சாறு கிருமியைக் கொன்றது' என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று விஷயங்களை விசாரியுங்கள். முதலாவது, சாற்றை எதில் எடுத்தார்கள் என்பது. பெரும்பாலும் மெத்தனால் அல்லது எத்தனாலில் ஊறவைத்து, வற்றவைத்து, கெட்டியாக்கிய சாறுதான் சோதனைக்குப் போகும். நீங்கள் வீட்டில் தண்ணீரிலோ கோமியத்திலோ எடுப்பது வேறு சாறு. இரண்டாவது, அளவு. ஜென்டாமைசின் மருந்து வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம்தான். இலைச்சாற்றில் அதே வளையம் வர, பல நேரங்களில் மில்லிகிராம் கணக்கில் போட வேண்டியிருக்கும். அதாவது நூறு மடங்குக்கும் மேல். மூன்றாவது, எந்தக் கிருமி. புண்ணிலும் மடிநோயிலும் வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எளிதில் மடங்கும். ஈ.கோலைக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அது சாற்றை அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். அதே தட்டில் ஃபினாயிலை விட்டாலும் அருமையான வளையம் வரும். அதற்காக ஃபினாயிலை யாரும் குடிப்பதில்லை.

மடிநோய்க்குக் கற்றாழை

தட்டிலிருந்து தொழுவம் வரை வந்து நிலைத்த மூலிகை முறை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் நா.புண்ணியமூர்த்தி பரப்பி, பிறகு தேசியப் பால்வள வாரியமும் கையில் எடுத்த மடிநோய் மருந்து அது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் விழுது வரும். பாலை முழுக்கக் கறந்து, மடியைக் கழுவித் துடைத்த பிறகு, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளில் 8 முதல் 10 தடவை என 5 நாள் பூச வேண்டும். கூடவே தினம் இரண்டு எலுமிச்சையை அறுத்துத் தின்னக் கொடுக்கச் சொல்கிறார்கள். புளியங்குடி பக்கத்திலேயே இருக்கும்போது நமக்கு எலுமிச்சைக்கு என்ன பஞ்சம்!

காய்ச்சல் அடித்தாலோ, மடி கல் போல இறுகினாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கேட்டு, அத்தனை நாளும் ஊற்றாதீர்கள்.

இந்த மருந்தை நான் துணிந்து சொல்லக் காரணம், இது தோலின் மேல் பூசுவது. அதே கற்றாழையைத் தோலோடு அரைத்து மாதக்கணக்கில் குடிப்பது வேறு சங்கதி. தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலில் இருக்கும் பொருள்கள் மேல் சந்தேகம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மஞ்சள் பால் நீக்காத முழு இலைச் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவித் தின்பவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம்.

வெங்காய வேர் சொல்லும் சேதி

ஒரு சாறு நம் உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளை, அதாவது டிஎன்ஏவைக் கெடுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் எளிய ஆள், நம் அடுப்படி வெங்காயம்.

வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் மேல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். வேர் நுனியில் உயிரணுக்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும். வெங்காயத்தின் குரோமோசோம்கள் 16 மட்டுமே. அளவில் பெரியவை, மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர், மற்றதில் இலைச்சாறு என வைத்து, வேர் நுனியை வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். குரோமோசோம் உடைந்திருந்தாலோ, பிரிய முடியாமல் பாலம் போல ஒட்டியிருந்தாலோ, துண்டு ஒன்று தனியே அநாதையாகக் கிடந்தாலோ அந்தச் சாறு மரபுப் பொருளைத் தொடுகிறது என்று அர்த்தம். வேரின் நீளத்தை நீங்களே வீட்டில் அளந்து பார்க்கலாம். ஆனால் வேர் குட்டையானது விஷத்தன்மையை மட்டுமே காட்டும். உள்ளே என்ன உடைந்தது என்பதை மைக்ரோஸ்கோப் இல்லாமல் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனையை அமெரிக்காவில் புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானி 1970களில் உருவாக்கினார். ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாத ஒரு சால்மோனெல்லா பாக்டீரியாவை அந்தச் சத்து இல்லாத தட்டில் விடுவார்கள். அது வளரக் கூடாது. சாற்றைச் சேர்த்த பிறகு கூட்டம் கூட்டமாக வளர்ந்தால், சாறு அதன் மரபணுவை மாற்றிவிட்டது என்று பொருள். எலியின் ஈரல் சாற்றையும் சேர்த்து ஒரு தடவை செய்வார்கள். வாயில் போகும்போது சாதுவாக இருக்கும் பொருளை ஈரல் விஷமாக மாற்றிவிடுவது உண்டு என்பதால் இந்த ஏற்பாடு.

சோதனையில் மாட்டியதெல்லாம் விஷம் என்றும் பயந்துவிட வேண்டாம். வெங்காயத்திலேயே இருக்கும் குவர்செட்டின் என்ற பொருள் ஏம்ஸ் சோதனையில் 'மாற்றுகிறது' என்றுதான் காட்டுகிறது. ஆனால் அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்த முடியாது என்று அதே புற்றுநோய் முகமை சொல்லிவிட்டது. தட்டு, வேர், எலி, கடைசியில் மனிதர் என நாலு இடத்திலும் ஒரே சேதி வந்தால்தான் தீர்ப்பு.

ஆடுதின்னாப்பாளை விஷயத்தில் நாலு இடத்திலும் ஒரே சேதிதான் வந்திருக்கிறது.

பெல்ஜியத்தில் மாறிப்போன ஒரு பெயர்

இந்தச் செடியின் குடும்பம் அரிஸ்டோலோக்கியா. இதில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் ஆடு விலகிப் போகக் காரணம். மலையடிவாரத்தில் கொடியாக ஏறும் ஈஸ்வரமூலி, அதாவது கருடக்கொடி, பெருமருந்து என்கிறோமே, அதுவும் இதே குடும்பம், அதே அமிலம்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் பழுதானது. கடைசியில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. விசாரித்தால், மாத்திரையில் சேர்க்க வேண்டிய சீன மூலிகையின் பெயர் 'ஹான் ஃபாங் ஜி'. உள்ளே வந்திருந்ததோ 'குவாங் ஃபாங் ஜி' என்ற அரிஸ்டோலோக்கியா வேர். பெயரில் ஒரு சொல் இடம் மாறியது, அவ்வளவுதான். 1993ல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிப் பார்த்தபோது 18 பேருக்கு அங்கே புற்றுநோய் இருந்தது. அந்த அமிலம் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு எழுத்தை மாற்றிவிடுகிறது. 2002ல் புற்றுநோய் முகமை, அரிஸ்டோலோக்கியா சேர்ந்த மூலிகை மருந்துகளை முதல் பிரிவில், 'மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி' என்ற பிரிவில் வைத்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு.

பெயர் குழம்பும் ஆபத்து நம் ஊரிலும் உண்டு. இருமலுக்கும் சளிக்கும் கஷாயம் வைக்கும் ஆடாதொடையைப் பேச்சில் 'ஆடுதொடா' என்பார்கள். பாளையை 'ஆடுதீண்டா' என்பார்கள். தொடாததும் தீண்டாததும் பொருளில் ஒன்றுதானே! ஆனால் செடிகள் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆடாதொடை ஆள் உயரம் வளரும் வேலிச் செடி. இலை மாவிலை போல நீளமாக, எதிரெதிராக இருக்கும். வெள்ளைப் பூவில் ஊதா வரி ஓடும். இன்று இருமல் மருந்தாகக் கடையில் விற்கும் புரோம்ஹெக்சின் இதன் சத்தைப் பார்த்து உருவாக்கியதுதான். (கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஆடாதொடையும் ஆகாது.) பாளை தரையில் படரும், இலை வட்டமாக இருக்கும். யாராவது கஷாயத்துக்கு 'ஆடுதொடா பறித்து வா' என்று பிள்ளையை அனுப்பினால், எந்தச் செடி என்று கையில் காட்டி அனுப்புங்கள்.

கோதுமையோடு அரைபட்ட விதை

விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பால்கன் பகுதியில், டான்யூப் ஆற்றின் துணையாறுகளை ஒட்டிய சில கிராமங்களில் மட்டும் விவசாயக் குடும்பங்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதும், பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வருவதும் 1950களிலிருந்து பேசப்பட்டது. தண்ணீரில் குறையா, பரம்பரை நோயா என்று பல ஆண்டுகள் தேடினார்கள். 1969ல் யூகோஸ்லாவியாவின் இவிச் என்ற ஆய்வாளர், கோதுமை வயலில் களையாக வளரும் அரிஸ்டோலோக்கியாவைச் சந்தேகித்தார். அறுவடையில் அதன் விதையும் சேர்ந்து அரைபட்டு, ரொட்டியில் போகிறது என்பது அவர் வாதம். அப்போது பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 2007ல் நோயாளிகளின் சிறுநீரகத் திசுவில் அந்த அமிலம் டிஎன்ஏவோடு ஒட்டியிருந்த தடயம் வெளியானதும்தான் விஷயம் உறுதியானது. செடி மக்கிய மண்ணிலும், அங்கே விளைந்த பயிரிலும்கூட அமிலம் இருப்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் கண்டன.

யாரும் ஒரே நாளில் விழவில்லை. வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. சிறிது சிறிதாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. 'என் தாத்தா சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சு இந்தச் செடிக்குச் செல்லாது என்பதற்கு இதுவே காரணம்.

நம் காட்டில் என்ன செய்யலாம்?

பூச்சிவிரட்டிக் கரைசலில் பாளையை விட்டுவிடுங்கள். வேம்பு, நொச்சி, புங்கன், சீத்தா போதும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இலையைத்தானே தின்கிறோம். அவற்றுக்கு எருக்கு, ஊமத்தைகூட வேண்டாம் என்பேன். வேம்பும் நொச்சியும் மட்டும் போட்ட கரைசல் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

சோளம், கம்பு, உளுந்து, மல்லி எதுவானாலும் காய் முற்றுவதற்குள் பாளைக் கொடியை வேரோடு பிடுங்குங்கள். இதன் காய் முற்றினால் கூடை போல விரிந்து விதையைக் கொட்டும். கையுறை அல்லது பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பிடுங்குவது நல்லது. கிணற்றோரமோ எருக்குழியிலோ போடாதீர்கள்.

பிள்ளைகளுக்குக் குடல் புழுவுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். கன்றுக்கும் ஆட்டுக்கும் கால்நடை மருந்தகத்தில் குடற்புழு நீக்க மருந்து தருகிறார்கள். இந்த இலையையோ, ஈஸ்வரமூலியையோ பல நாள் உள்ளுக்குச் சாப்பிட்டவர்கள் வீட்டில் இருந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரையும் ரத்தத்தில் கிரியேட்டினினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்ப வேண்டாம், முழுதாகப் போவதில்லை.

விற்பனைக்கு வளர்க்கும் இலை

தென் மாவட்ட மானாவாரியில் பணம் தரும் மூலிகைகளுக்கும் இந்த மரபணுக் கேள்வி வந்துவிட்டது. நிலாவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அவுரி என்றும் சொல்கிறோம். நீலச் சாயம் தரும் அவுரி வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உலகச் சந்தையில் இதற்கு 'டின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரே உண்டு. மலச்சிக்கலுக்கான இதன் சென்னோசைடு மருந்தை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் 2021 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் உத்தரவு போட்டது. டிஎன்ஏவைக் கெடுக்கக்கூடும் என்ற ஐயத்தில், கற்றாழை மஞ்சள் பாலில் உள்ள பொருள்கள் சேர்ந்த இலைத் தயாரிப்புகளை உணவில் தடை செய்தது. நிலாவாரையை உணவுப் பொருளில் சேர்ப்பதைக் கண்காணிப்பில் வைத்தது. கற்றாழை மீதான தடையை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குப் போட்டு, 2024 நவம்பரில் அதை ரத்து செய்ய வைத்தன. மருந்தாக விற்பதற்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் உங்கள் இலையை வாங்கும் ஏற்றுமதியாளர் இனி சுத்தத்தை இன்னும் கறாராகப் பார்ப்பார். நிழலில் உலர்த்தி, பச்சை மாறாமல், களை இலை கலக்காமல் கொடுப்பவருக்கு விலை நிற்கும். களத்தில் காயும் நிலாவாரைக் குவியலில் நாலு பாளை இலை கலந்தால் என்ன ஆகும் என்பதை மேலே படித்துவிட்டீர்கள்.

நித்தியகல்யாணியும் அப்படித்தான். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இருவர் இதன் இலை சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். சர்க்கரை குறையவில்லை. ரத்த வெள்ளணுக்கள்தான் குறைந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் ரத்தப் புற்றுநோய்க்கான வின்பிளாஸ்டின் வகை மருந்துகள். உயிரணு பிரிவதையே நிறுத்தும் மருந்து அது. 'சர்க்கரைக்கு நல்லது' என்று தினம் நாலு நித்தியகல்யாணி இலை மெல்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பாளையை ஒரு செடி விடாமல் அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளி வைத்த ரோசா வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது இந்தக் குடும்பச் செடிகளில்தான். புழு அந்த அமிலத்தைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. ஆடு மேயாத, பயிர் வைக்காத ஓடைக்கரையில் இரண்டு கொடி இருந்துவிட்டுப் போகட்டும்.